ரோஜாவுக்கு ஒரு வியாக்கியானம்

ஒரு சென்ட் குப்பியின் அட்டைப்பெட்டியில், அது தன்னைவிடப் பல மடங்கு விலையுள்ள வேறொரு சென்ட்டின் ‘வியாக்கியானம்’ என்று அச்சிட்டிருந்தது. அச்சிட்டிருந்தது ஆங்கிலத்தில்; வியாக்கியானம் என்பது நான் போட்ட தமிழ். போலி, நகல், மாதிரி, தழுவல் என்று நம்மிடம் புழங்கும் சொற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதுவும் அந்த ஆங்கிலச் சொல்லின் தோரணைக்கு ஈடாகவில்லை. ஆழ்வார் பாசுரங்களுக்குப் பொருள் சொன்ன ஆசாரியர்களின் சொல்தான் பொருந்தியது. பொருந்தியதே சங்கடமாகவும் இருந்தது. திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன ஈடு, மூலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டே பேசுவது. மூலம் இல்லாத வீட்டில் ஈட்டுக்கு வேலை கிடையாது. இந்தக் குப்பியோ மூலத்தை வாங்க முடியாதவர்களுக்கென்றே செய்யப்பட்டது.

எங்கள் வீட்டில் இது ஏட்டுப் பிரச்சினையாக வரவில்லை. என் மனைவி மஞ்சூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில், 28 வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றாள். உலர்ந்த தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். மண்ணெண்ணெயோடு வைத்தால் மண்ணெண்ணெய், சோப்போடு வைத்தால் சோப்பு. அதனால் அந்த அறைக்குள் பூ வைத்துக்கொண்டு போகக்கூடாது, பவுடர், சென்ட் கூடாது. 28 வருஷம் அவளுக்கு மல்லிகை என்பது ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம். ஓய்வு பெற்ற மாதத்தில், பணிக்கொடை வந்ததும், தனக்கென்று அவள் கேட்டது ஒன்றுதான்: ‘நல்லதா ஒரு ரோஜா சென்ட் வாங்கணும்.’ இந்த ‘நல்லதா’வில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் 700 ரூபாய்க்கு 50 மில்லி வாங்கி வந்தான். மேலே சொன்ன வியாக்கியானம் அதுதான். விஷயத்தைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து வந்தபோது, மூலத்திலிருந்தே 2 மில்லி கொண்ட ஒரு கண்ணாடிக் குழலைக் கொடுத்துவிட்டுப் போனார். லெ லாபோ என்ற நியூயார்க் ஸ்தாபனம் 2006-ல் வெளியிட்ட ரோஸ் 31. செய்தவர் டாஃப்னே புஷே என்ற பெண்மணி. 31 என்பது அதன் சேர்மானங்களின் எண்ணிக்கை என்கிறார்கள். 50 மில்லி 200 டாலருக்கு மேல். மனைவிக்கு வரும் ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய்க்கும் கீழே. பணிக்கொடையில் கை வைத்தால் ஒரு தடவை வாங்கலாம். ஒரு தடவைதான்.

‘போலி’ என்ற சொல்லை எடுத்து வீசிவிட்டால் காரியம் சுலபமாக முடிந்துவிடும். இந்தப் பக்கங்களை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அந்தச் சொல்லைத் தாராளமாகச் செலவழித்தவர்கள். ஆனால் குந்தாவில் உட்கார்ந்துகொண்டு வாசனை விஷயத்தில் அதைச் சொல்வது கஷ்டம். இங்கே சாலையோரக் கடைகளில் விற்கும் தைலங்களையே எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, நீலகிரித் தைலம். மலையின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் இந்தத் தைலம் கற்பூர மரத்து இலையிலிருந்து வடிப்பது. மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 1840-களில் வந்தது. பிறகு வெள்ளைக்காரர்களின் அடுப்புக்கு விறகு வேண்டுமென்று சோலைக்காடும் புல்வெளியும் இருந்த இடங்களில் வரிசை வரிசையாக நட்டார்கள். இன்று உதகை என்றதும் சமவெளிக்காரன் மூக்கில் வருவது அந்த வாசனைதான். சோலையின் ஈர மண் வாசனை அவன் ஞாபகத்தில் இல்லை. வந்தேறிய ஒன்று ஊரின் பெயருக்குச் சொந்தக்காரனாகிவிட்டது. இதைப் போலி என்பதா?

இரண்டாவது, விண்டர்கிரீன் தைலம். சோலை ஓரங்களில் தானாக வளரும் ஒரு குத்துச்செடியின் இலையிலிருந்து எடுப்பது. மூட்டுவலிக்குத் தேய்ப்பார்கள். இந்தத் தைலம் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க ஒரே ஒரு ரசாயனப் பொருள்: மீதைல் சாலிசிலேட். அதைத் தொழிற்சாலையில் செய்ய 19-ஆம் நூற்றாண்டிலேயே கற்றுக்கொண்டுவிட்டார்கள். செடியிலிருந்து வந்ததையும் தொழிற்சாலையிலிருந்து வந்ததையும் அருகருகே வைத்தால் மூக்குக்கு வித்தியாசம் தெரியாது. மூட்டுக்கும் தெரியாது. இங்கே நகல் மூலத்தை முழுக்க எட்டிவிட்டது. மூலம் அவ்வளவு எளிமையானதாக இருந்ததே காரணம்.

மூன்றாவது, ஜெரேனியம். தென்னாப்பிரிக்காச் செடி. இலையைக் கசக்கினால் ரோஜா வாசனை வரும். ரோஜா எண்ணெயில் உள்ள சிட்ரோனெல்லால், ஜெரானியால் ஆகிய இரண்டும் இதன் எண்ணெயிலும் பிரதானம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க 3,000 முதல் 5,000 கிலோ வரை இதழ் வேண்டியிருப்பதால், அதில் ஜெரேனியம் எண்ணெயைக் கலப்பது பழைய வியாபாரத் தந்திரம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இதைக் கொஞ்சம் பயிர் செய்திருக்கிறார்கள். ரோஜாவுக்குப் பதிலாக ஜெரேனியத்தை முகர்ந்தால், முதல் கணம் ரோஜாதான். அப்புறம் ஒரு பச்சை வாசம், புதினாவின் சாயல். கலப்படம் செய்தவன்தான் அதை ரோஜா என்றான், செடி சொல்லவில்லை. அந்தப் பச்சை வாசத்துக்காகவே ஜெரேனியத்தை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ரோஜா விண்டர்கிரீன் மாதிரி அல்ல. அதன் எண்ணெயில் நூற்றுக்கணக்கான பொருள்கள் உண்டு. பெரும்பங்கு வகிப்பவை நான் மேலே சொன்ன சில ஆல்கஹால்கள். அவற்றை மட்டும் சரியான விகிதத்தில் கலந்தால் சோப்பு ரோஜா வருகிறது. பூ ரோஜா வருவதில்லை. 1970-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் பல்கேரிய ரோஜா எண்ணெயில் டமாசினோன் என்று ஒன்றைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். எண்ணெயில் அது நூற்றுக்குக் கால் பங்குகூட இல்லை. ஆனால் ரோஜாவை ரோஜாவாக்குவதில் அதற்கு இருக்கும் பங்கு அளவுக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய பங்கு. ஒன்றின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டதால் அந்த ஒன்றை எடுத்துக்கொண்டதாக ஆகாது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படியானால் மூலத்தை வாங்கவேண்டியதுதானே என்றால், அந்த மூலம் எவ்வளவு மூலம் என்ற கேள்வி வருகிறது. ரோஜாவையும் மரத்தையும் ஒன்றாகச் சேர்ப்பது நியூயார்க்கில் பிறந்த யோசனை இல்லை. உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜில் பல தலைமுறைகளாகச் செய்துவருவது அதுதான். செம்புப் பானையில் ரோஜா இதழையும் தண்ணீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, கீழே தீ மூட்டுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக, தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்த இன்னொரு கலத்தில் இறங்கும். அந்தக் கலத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் இருக்கும். ரோஜா வந்து சந்தனத்தில் படியும். அத்தர் என்பது இந்தப் படிவு. சந்தனம் விலை ஏறி, கிடைப்பதும் அரிதான பிறகு, பல இடங்களில் அதற்குப் பதில் திரவப் பாரஃபின் வந்துவிட்டது. ரோஜா அதே ரோஜா. படிய மரம் இல்லை. நம்மிடமே மூலம் இப்படி ஆகிவிட்ட பிறகு, ரோஸ் 31 தேவதாரு, குவையாக்கம், வெட்டிவேர், சீரகம் இவற்றையெல்லாம் வைத்து ரோஜாவுக்கு ஒரு மரத்தைக் கட்டித் தருகிறது. வெட்டிவேர் என்ற நம் சொல்லே பிரெஞ்சுக்காரர்கள் வாயில் வெத்திவேராகி உலகம் சுற்றிவிட்டது. இன்றைய எந்த சென்ட்டையும் போல இதிலும் ஆய்வுக்கூடத்துப் பொருள்கள் உண்டு. ஆக, விலை உயர்ந்த குப்பியும் ஒரு வியாக்கியானம்தான், அட்டையில் அப்படிப் போட்டுக்கொள்ளவில்லை என்பதைத் தவிர.

நீதிமன்றங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. 2006 ஜூன் 13-ஆம் தேதி பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு மன்றம், வாசனை என்பது தொழில் தேர்ச்சியின் விளைவு, இலக்கியம் ஓவியம் போலப் பதிப்புரிமை பெறத்தக்க படைப்பு ஆகாது என்று சொன்னது. மூன்றே நாள் கழித்து, ஜூன் 16-ஆம் தேதி, லான்கோமின் ட்ரெஸோரை ஒத்த ஒரு மலிவு சென்ட் சம்பந்தமான வழக்கில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் வாசனைக்குப் பதிப்புரிமை உண்டு என்றது. 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு வேறு மாதிரி. எங்கள் குப்பி எண் இத்தனை, அந்தப் பிரபல சென்ட்டுக்கு நிகரானது என்று கடைக்காரர்களுக்கு அட்டவணை கொடுத்த வியாபாரிகளைப் பற்றியது அது. அப்படி ஒப்பிட்டு விற்பது இன்னொருவர் பெயரின் மதிப்பை நியாயமின்றி அனுபவிப்பது என்று தீர்ப்பாயிற்று. முதல் இரண்டு தீர்ப்பும் வாசனையைப் பற்றியவை, ஒன்றையொன்று வெட்டுபவை. மூன்றாவதோ வாசனையை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டது. எனக்கு இந்த மூன்றாவதுதான் விஷயத்துக்கு அருகில் வருவதாகப் படுகிறது.

இனி பரீட்சை. ஒரு தை மாதக் காலையில், எட்டு மணிக்கு, வலது மணிக்கட்டில் வியாக்கியானமும் இடது மணிக்கட்டில் மூலமும் இட்டுக்கொண்டாள். எது எந்தக் கை என்று அவளிடம் சொல்லவில்லை. ஒன்று சொல்லவேண்டும்: அவள் மூக்கு சாதாரண மூக்கு இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் அரைத்த இலை பச்சை மாறிச் செம்பு நிறம் கொள்ளும்போது வாசனை ஒருமுறை எழும்பும், அடங்கும், மறுபடி எழும்பும். இதை முதல் மூக்கு, இரண்டாம் மூக்கு என்றே ஆங்கிலத்தில் சொல்வார்கள். டீ மேக்கர் இந்த எழுச்சியை வைத்துத்தான் இலையை டிரையருக்கு அனுப்பும் நேரத்தைத் தீர்மானிப்பார். அவள் வேலை அது இல்லையென்றாலும் 28 வருஷம் அந்தக் காற்றைச் சுவாசித்தவள். இன்னொரு வேடிக்கை: தேயிலைக்குள்ளேயே ஜெரானியால் இருக்கிறது. இலையில் அது சர்க்கரையோடு பிணைந்து, மணமில்லாமல் கிடக்கிறது. இலை நசுங்கியதும் நொதிகள் அந்தப் பிணைப்பை அறுத்து அதை வெளியே விடுகின்றன. குளிர்காலத்து நீலகிரித் தேயிலையில் பூ வாசனை என்று சொல்வது வெறும் உபசார வார்த்தை இல்லை. பூ வைக்கக்கூடாத கட்டடத்தில் அவள் தினமும் ரோஜாவின் ஒரு பகுதியை முகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

எட்டு மணிக்கு இரண்டும் ஒன்று என்றாள். வலது கை கொஞ்சம் தூக்கல், அதுவே நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். பத்து மணிக்கு இடது கையில் ‘சீரகம் மாதிரி, வேர்வை மாதிரி’ ஏதோ வருகிறது என்று முகம் சுளித்தாள். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். வலது கையில் இருப்பது துவைத்து மடித்த துணி, ரோஜா போய்விட்டது. இடது கையில் ரோஜா பின்னால் போய் ஒரு மரம் வந்திருக்கிறது. புதிதாக இழைத்த பலகை. மாலை நான்கு மணிக்கு வலது கை வெறும் கை. இடது கையை நீட்டி, ‘திரும்பி வந்திருக்கு பாருங்க’ என்றாள். முகர்ந்தேன். மரத்துக்கு அடியிலிருந்து ரோஜா வருகிற மாதிரிதான் எனக்கும் இருந்தது.

நான் சாய்ந்தது இடது கைப் பக்கம். என் தர்க்கம் இது. வியாக்கியானம் செய்தவன் மூலத்தைக் கருவியில் செலுத்தி, இன்னின்ன பொருள் இத்தனை பங்கு என்று ஒரு பட்டியல் எடுத்திருக்கிறான். பட்டியலில் விலை கூடியதை நீக்கி, மலிவானதைப் போட்டு, கடையில் நிற்கிறவன் முகரும் முதல் ஐந்து நிமிஷத்தைச் சரியாகக் கொண்டுவந்திருக்கிறான். பொருள்கள் எந்த வரிசையில் விடைபெற வேண்டும், யார் போன பிறகு யார் முகம் தெரிய வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மூலத்தைச் செய்தவளின் உழைப்பு அந்த வரிசையில்தான் இருக்கிறது. பத்து மணிக்கு முகம் சுளிக்க வைக்கும் சீரகமும் அதில் சேர்த்தி. விற்பனையை நினைப்பவன் முதலில் எடுத்துவிடுவது அதைத்தான். புதுக்கவிதையின் முதல் வரியை எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரியும். சிறுபத்திரிகையில் முந்நூறு பிரதியில் வந்து யாரையோ முகம் சுளிக்க வைத்தது, சில வருஷம் கழித்து, சுளிக்க வைத்த பகுதி மட்டும் நீங்கி, லட்சம் பிரதியில் வந்து எல்லோருக்கும் பிடித்துப்போவதையும் பார்த்திருக்கிறோம். மூலத்தை யாரும் வாங்காவிட்டால் வியாக்கியானம் செய்யவும் ஒன்றும் இருக்காது. பணிக்கொடையில் ஒரு தடவை கை வைத்தால் என்ன என்று அவளிடமே சொன்னேன்.

அவள் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ‘இந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்கு?’ என்று கேட்டாள். சொன்னேன்.

‘அப்ப அதனாலதான் தோத்துப் போச்சு,’ என்றாள். ‘இதுல அந்தப் பேரைப் போடலேன்னா, மத்தியானம் வரைக்கும் நல்லா இருக்கிற ஒரு ரோஜா சென்ட். எனக்கு அதுக்கு மேல வேணும்னு யாரு சொன்னா? சாயங்காலம் வரைக்கும் கூடவே இருக்கிறதுக்கு நான் என்ன ஷிஃப்டுக்கா போறேன்?’

இதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. இப்போது யோசித்தால், அவள் சொன்னது ஜெரேனியத்தின் நியாயம். ஜெரேனியத்தை ரோஜாவோடு ஒப்பிட்டால் குறை. அதன் பெயரிலேயே முகர்ந்தால் குறை எங்கே? அந்த 700 ரூபாய்க் குப்பியை யாரோ ஒரு தொழிலாளி ஒழுங்காகத்தான் கலந்திருக்கிறார். அதைக் கெடுத்தது, இன்னொன்றின் அளவுகோலைத் தானே கேட்டு வாங்கித் தன் மேல் ஒட்டிக்கொண்ட அந்த ஒரு வரி. புதுமைப்பித்தன் தழுவலைச் சாடியதும், மொப்பசானைத் தழுவிய கதைகள் அவரிடமே இருந்ததும் பழைய விவாதம். அந்தக் கதைகளுக்கு நேர்ந்த சங்கடமும் பெயர் சம்பந்தப்பட்டதுதான். அங்கே மூலத்தின் பெயரைச் சொல்லாததால் வந்தது, இங்கே சொல்லியதால் வருகிறது.

ஆனாலும் நான் முழுக்க ஒப்புக்கொண்டுவிடவில்லை. நாலு மணிக்கு ‘திரும்பி வந்திருக்கு’ என்று கையை நீட்டியவள் அவள்தான். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் வலது கைக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. ஒரு விஷயம் எவ்வளவு தூரம் போகமுடியும் என்று ஒரு தடவை தெரிந்துகொண்ட பிறகு, மத்தியானம் வரை போதும் என்று சொல்வது தேர்வாக இருக்கலாம். தெரியாமல் அதையே சொல்வதைத் தேர்வு என்று சொல்லமுடியாது. அவள் தெரிந்துகொண்டு சொன்னாள். அதனால்தான் அவளோடு என்னால் வாதாட முடியவில்லை. மலிவான குப்பிகளை வாங்குகிற பெரும்பாலோருக்கு அந்த 2 மில்லி குழல் கிடைப்பதில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. குழலைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை யாருடையது என்ற கேள்வி மூன்று வாசனைத் தைலங்களையும் மூன்று நீதிமன்றங்களையும் தாண்டி நம்மிடம் வந்து நிற்கிறது.

நடந்தது இவ்வளவுதான். அட்டைப்பெட்டி அடுப்புக்குப் போயிற்று. குப்பி அலமாரியில், கண்ணாடிக்குப் பக்கத்தில். குந்தாக் குளிரில் வாசனை சமவெளியைப் போலச் சீக்கிரம் பறந்துவிடுவதில்லை. கம்பளிச் சால்வையில் ஒரு சொட்டு விட்டால் ஒரு மணி வரைகூட நிற்கிறது என்கிறாள். பணிக்கொடை வங்கியில் இருக்கிறது. குழலில் இன்னும் நகக்கண் அளவு மிச்சம்; அதை என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.